அரிசிம்பருப்பும் கரும்பும்: கொங்கு நாட்டின் சர்க்கரைக் கணக்கு

மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பேக்கரிகளில் விடிவதற்கு முன்பே பாய்லர் கொதிக்கத் தொடங்கிவிடும். நீலகிரியிலிருந்து உருளைக்கிழங்கு ஏற்றி வந்த லாரிகள் மண்டிப் பக்கம் வரிசை கட்டியிருக்கும். ஊட்டி ரயிலுக்கு இடம் பிடிக்க வந்த வெளியூர்க்காரர்கள் ஒரு பக்கம், மூட்டை இறக்க வந்தவர்கள் இன்னொரு பக்கம். டீ மாஸ்டரின் காதில் விழும் ஆர்டர்களில் மூன்று வகை உண்டு. "சக்கரை தூக்கலா ஒண்ணு", "சக்கரை கம்மியா ஒண்ணு", "சக்கரை இல்லாம ஒண்ணு குடுங்ணா". முப்பது வருடத்துக்கு முன் மூன்றாவது ஆர்டரைக் கேட்டால் மாஸ்டர் திரும்பிப் பார்த்திருப்பார். இப்போது அவர் தலை நிமிர்வதே இல்லை.

சர்க்கரை இல்லாத டீயை வாங்கியவர் அடுத்த நிமிடம் கண்ணாடி ஜாடிக்குள் கை காட்டி ஒரு தேங்காய் பன் கேட்பார். இது கேலிக்காகச் சொல்வதல்ல. நீரிழிவைப் பற்றி நம் ஊரில் பரவியிருக்கும் புரிதல் முழுவதும் அந்த ஒரு காட்சிக்குள் அடங்கிவிடுகிறது. சர்க்கரை வியாதி என்று பேர் வைத்ததால் சர்க்கரையை விட்டால் போதும் என்று தோன்றுகிறது. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு ஐந்து கிராம், நாளைக்கு ஐந்து டீ என்றால் 50 கிராம் சர்க்கரை. அதை விடுவது நல்லதுதான். ஆனால் அதே ஆள் மத்தியானம் 150 கிராம் அரிசியைச் சோறாக்கிச் சாப்பிட்டால், அந்த ஒரு வேளையிலேயே 115 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உள்ளே போகிறது. குடலைத் தாண்டும்போது அதில் பெரும்பகுதி குளுக்கோஸ்தான். பிடிபட்டது டீ கிளாஸ், கன்னம் வைத்தது சோத்துத் தட்டு.

நீரிழிவு என்ற பழைய சொல் நோயின் ஒரு அடையாளத்தைச் சரியாகப் பிடித்து வைத்திருக்கிறது. ரத்தத்தில் மிஞ்சிய குளுக்கோஸைச் சிறுநீரகம் வெளியே தள்ளும்போது அதோடு நீரும் போகிறது. அதனால் ராத்திரியில் நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, தொண்டை வறள்கிறது. சித்த மருத்துவம் இதை மதுமேகம் என்கிறது. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை வைத்து நோயைக் கண்டுகொண்டதை சுஸ்ருதர் காலத்து நூல்களிலேயே பார்க்கலாம். ஆனால் எறும்பு வரும் வரைக்கும், தாகம் எடுக்கும் வரைக்கும் காத்திருப்பது தாமதம். பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் பல வருடம் இந்த நோய் உள்ளே குடியிருக்கும்.

உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள மண்டி வாசலே போதும். சாப்பிட்டவுடன் குளுக்கோஸ் லாரி லாரியாக ரத்தத்துக்குள் வருகிறது. அதை இறக்கி வைக்கும் குடோன்களில் பெரியது தசை. அடுத்தது கல்லீரல். கதவைத் திறக்கச் சொல்லும் சீட்டுதான் இன்சுலின். கணையத்தின் பீட்டா செல்கள் அந்தச் சீட்டை எழுதித் தருகின்றன. குடோனில் ஏற்கெனவே சரக்கு நிரம்பியிருந்தாலோ, கல்லீரலிலும் தசையிலும் கொழுப்பு படிந்து கதவு துருப்பிடித்திருந்தாலோ ஒரு சீட்டுக்குத் திறக்காது, மூன்று சீட்டு காட்ட வேண்டிவரும். லாரிகள் வெளியே ரோட்டில் நிற்கும். கணையம் கொஞ்ச காலம் கூடுதலாக எழுதித் தள்ளும், பிறகு அதன் கையும் ஓயும். இரண்டாம் வகை நீரிழிவு இதுதான். நம் ஊரில் சுகர் என்று சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் குறிக்கும். குழந்தைகளுக்கு அதிகம் வரும் முதல் வகையில் சீட்டு எழுதும் ஆளே இல்லை. அவர்களுக்கு இன்சுலின் ஊசியைத் தவிர வேறு வழி கிடையாது. 1921இல் டொரோன்டோவில் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் வரை அந்தக் குழந்தைகள் பிழைத்ததில்லை. "களி தின்னா ஊசியை நிறுத்திரலாம்" என்று யாராவது அவர்களின் பெற்றோரிடம் சொன்னால், அது உயிரோடு விளையாடும் பேச்சு.

சோதனை எண்கள் எளியவை. வெறும் வயிற்றில் 126, சாப்பிடாமல் போய் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 200, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5. இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ நீரிழிவு. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 என்றால் வாசற்படியில் நிற்கிறார் என்று அர்த்தம். "பார்டர்ல இருக்குதுங்க, ஒண்ணும் பிரச்சனை இல்லைங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்களே, அந்த இடம். உண்மையில் உணவால் அதிகம் சாதிக்க முடிகிற இடம் அதுதான்.

பார்க்க ஒல்லியாக இருப்பவருக்கு எப்படி வருகிறது என்ற கேள்விக்கு 2004இல் லான்செட் இதழில் வந்த ஒரு புகைப்படம் அழகான பதில். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஞ்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கு எடை என்ற கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. உடலில் உள்ள கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஞ்னிக்குக்கு 21.2. கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் லேசாக முன்னால் தள்ளிய உடம்பு நம்மில் எத்தனை பேருக்கு? வேட்டிக்கட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குவதை நாம் வயதின் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். தெற்காசியர்களுக்கு இடுப்பளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்று எல்லை வைத்திருப்பது இதனால்தான்.

தமிழ்நாட்டில் இந்த நோயின் கதை மருத்துவமனைகளில் தொடங்கி வெகு காலமாகிவிட்டது. 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்றே ஒரு புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார் டாக்டர் எம். விஸ்வநாதன். 1954இல் ராயபுரத்தில் இந்த நோய்க்கென்றே மருத்துவமனை கட்டினார். அன்று அவரைப் பார்த்துப் பணக்காரர் வியாதிக்குப் பணக்காரர் வைத்தியம் என்று நினைத்தவர்கள் இருந்திருக்கலாம். சென்னை நகரில் 1989இல் பெரியவர்களில் 8.3 விழுக்காட்டினருக்கு இருந்த நீரிழிவு, 2004 வாக்கில் 14.3 ஆனது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய இண்டியாப் ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு, இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டோர் வாசற்படியில். தமிழ்நாட்டில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. பக்கத்தில் இருக்கும் கேரளத்தில் 25.5. அதே ஆய்வின் முதல் கட்டம் 2011இல் வெளிவந்தபோதே தமிழ்நாட்டுக் கிராமங்களில் 7.8 விழுக்காடு என்று காட்டியிருந்தது. பணக்காரர் வியாதி என்ற பேர் அங்கேயே அடிபட்டுப் போனது.

கொங்கு நாட்டுக்கு வருவோம். இது அடிப்படையில் நெல் பூமி அல்ல. ஆற்றோரங்களையும் வாய்க்கால் பாசனத்தையும் விட்டுவிட்டால் மீதி எல்லாம் புன்செய். சோளம், கம்பு, ராகி, சாமை, ஊடுபயிராகத் தட்டைப்பயிறு, அவரை, கொள்ளு. நெல்லுச்சோறு நோம்பிக்கும் விருந்துக்கும். தோட்டத்தில் கவலை ஓட்டியவர்கள், அதாவது மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து தோல்பறியில் நீர் இறைத்தவர்கள், விடியற்காலையில் தொடங்கி உச்சி வெயில் வரை மாட்டோடு மாடாக முன்னும் பின்னும் நடந்தார்கள். அவர்கள் குடித்த கம்மங்கூழின் சக்தி அங்கேயே செலவானது.

பிறகு மூன்று விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது. மில்கள் ஓடின, கிணற்றடியில் மோட்டார் ஓடியது, கவலை ஓட்டியவர் நின்றுவிட்டார். 1955 வாக்கில் பவானிசாகர் அணை முடிந்தது. கீழ்பவானிக் கால்வாய் போன வழியெல்லாம் நெல்லும் கரும்பும் மஞ்சளும் வந்தன. மூன்றாவது, அரிசி ஏழையின் வீட்டுக்கும் வந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு எழுந்தது. அப்படிப் பேசிய கட்சி வென்ற பிறகு ரூபாய்க்கு ஒரு படி திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. 2008இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய், 2011இல் இலவசம். இதைக் குறையாகச் சொல்வது அநியாயம். பசியை விரட்டிய அரிசி அது. பசி போன பிறகும் தட்டின் அளவு குறையவில்லை என்பதுதான் பிரச்சினை. உழைப்பு பாதியானது, குவியல் அப்படியே நின்றது, அதன் நிறம் மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தது.

இதில் கோவைக்கு என்று ஒரு விசித்திரமான பங்கு இருக்கிறது. 1912இல் இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் நாட்டுக் கரும்போடு ஆற்றங்கரைப் பேய்க்கரும்பைக் கலந்து உருவாக்கிய கோ 205 ரகம் 1918இல் பஞ்சாபுக்குப் போனது. இந்தியா சர்க்கரையை இறக்குமதி செய்த நாடு என்ற நிலை மாறுவதற்கு அந்தக் 'கோ' ரகங்கள் பெரிய காரணம். கோ என்றால் கோயம்புத்தூர். அதே 1912இல் இங்கே நெல் ஆராய்ச்சி நிலையம். 1923இல் சிறுதானிய ஆராய்ச்சி நிலையம், தலைமையில் ஜி.என். ரங்கசாமி அய்யங்கார். நாட்டுக்கு இனிப்பைக் கொடுத்த ஊரே, அந்த இனிப்புக்கு மாற்று என்று இன்று எல்லோரும் தேடும் ராகிக்கும் கம்புக்கும் ரகம் ரகமாகப் பெயர் வைத்துக்கொண்டிருந்தது. நூறு வருடத்தில் முதல் இரண்டும் ஜெயித்தன. மூன்றாவது இப்போதுதான் மீண்டும் கடைவீதிக்கு வருகிறது.

வரும்போது அளவுக்கு மீறிய நம்பிக்கையையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

2023ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த வருடமே நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி கொடுக்கும் திட்டம் தொடங்கியது. நல்ல காரியம். காரமடை ரோட்டிலும் அன்னூர் ரோட்டிலும் கம்மங்கூழ் வண்டிகள் நிற்கின்றன. மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும் தொட்டுக்கொண்டு குடிக்கும் அந்தச் சுகத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால், "ஏனுங்க, ராகிக்களி தின்னா சுகர் ஏறாதுங்களா?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில், ஏறும் என்பதுதான்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவுப் பட்டியலைத் திறந்து பார்க்கலாம். நூறு கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து ஏறக்குறைய 78 கிராம். ராகியில் 67, சோளத்தில் 68, கம்பில் 62. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. நார்ச்சத்தில்தான் உண்மையான இடைவெளி. அரிசியில் மூன்று கிராமுக்கும் குறைவு, ராகி, கம்பு, சோளம் மூன்றிலும் 10, 11 கிராம். ராகியில் கால்சியம் 364 மில்லிகிராம், அரிசி அதன் கிட்டே வராது. நார் குளுக்கோஸ் லாரிகளை மெதுவாக உள்ளே விடுகிறது. ஆகவே அதே எடைக்கு அதே எடை என்றால் சிறுதானியம் மேல். பல ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் இக்ரிசாட் வேளாண் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் வெளியிட்ட கட்டுரையும் சிறுதானியங்களின் கிளைசெமிக் எண், அதாவது ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்பதைக் காட்டும் எண், சராசரியாக 53க்குப் பக்கத்தில் இருப்பதாகக் காட்டியது. தீட்டிய அரிசியின் எண் அதைவிடக் கணிசமாக அதிகம்.

ஆனால் நம் ஆள் என்ன செய்கிறார்? ராகி நல்லது என்று கேள்விப்பட்டதும் இரண்டு உருண்டை களியோடு ஒரு கரண்டி சோறும் போட்டுக்கொள்கிறார். அல்லது மில்லில் மைதா போல நைசாக அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சி, நாட்டுச்சர்க்கரை போட்டுக் குடிக்கிறார். மாவு எவ்வளவு நைசோ, கஞ்சி எவ்வளவு தண்ணியோ அவ்வளவு வேகமாகச் சர்க்கரை ஏறும். கடைப் பாக்கெட்டில் வரும் சாமையும் தினையும் பல நேரம் வெள்ளை வெளேர் என்று தீட்டப்பட்டவை. தவிடு போன பிறகு அதற்கும் அரிசிக்கும் பேர்தான் வித்தியாசம். 2025இல் வந்த இண்டியாப் ஆய்வின் உணவுப் பகுதி இதை நேரடியாகவே சொன்னது. இந்தியர்கள் உண்ணும் சக்தியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. வெள்ளை அரிசிக்குப் பதில் முழுக்கோதுமையோ சிறுதானியமோ என்று ஆளை மட்டும் மாற்றினால் நீரிழிவு அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மொத்த மாவுச்சத்தையே கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர் போன்றவற்றின் புரதத்தை வைத்தபோதுதான் அபாயம் குறைந்தது.

இதற்கு முன்பே அரிசிக் குவியலின் மீது சாட்சியங்கள் சேர்ந்திருந்தன. 21 நாடுகளில் 1,32,000க்கு மேற்பட்டவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2020இல் வந்தது. ஒரு நாளைக்கு 450 கிராமுக்கு மேல் வெந்த வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களை 150 கிராமுக்குக் கீழே சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டார்கள். தெற்காசியாவில் அபாயம் 61 விழுக்காடு அதிகம். சீனாவில் அந்த அளவு இல்லை. சீனத் தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் தட்டில் சோறு மலை, குழம்பு ஆறு, பொரியல் அடிவாரத்தில் ஒரு செடி.

கொங்குச் சமையலறையிலேயே இதற்குத் தீர்வு கிடக்கிறது, அது களியில் அல்ல என்பது இந்தக் கட்டுரையின் வாதம். அரிசிம்பருப்பு சாதத்தையே எடுத்துக்கொள்ளலாம். கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் வாரத்தில் ஒரு நாளாவது குக்கரில் விசில் அடிக்கும் பண்டம். சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், மேலே ஒரு கரண்டி நெய். வழக்கமான விகிதத்தில் 120 கிராம் அரிசிக்கு 30 கிராம் துவரம்பருப்பு போட்டால் ஒருவர் தட்டில் மாவுச்சத்து 110 கிராம் வரும். அதையே 60 கிராம் அரிசி, 60 கிராம் பருப்பு என்று மாற்றினால் மாவுச்சத்து 80க்கு இறங்கும், புரதம் 18 கிராமுக்குப் பக்கத்தில் கூடும். ருசியில் பெரிய நஷ்டமில்லை. கொஞ்சம் கெட்டியாக வரும், தண்ணீர் கூட வைக்க வேண்டும். அதோடு ஒரு கிண்ணம் பீர்க்கங்காய்ப் பொரியலும் தயிரும் வைத்தால் தட்டின் குணமே மாறிவிடும். பேர் மாறவில்லை, ஊர் மாறவில்லை, வீட்டில் யாருக்கும் தனியாகச் சமைக்க வேண்டியதும் இல்லை. கடைசியில் சொன்னது முக்கியம். சுகர்காரருக்கு மட்டும் தனிச் சட்டி என்றால் எந்த வீட்டிலும் அது இரண்டு மாதம் தாண்டாது. அந்தத் தனிச் சட்டியை வைப்பவருக்கே சுகர் இருந்தால் இரண்டு வாரம்கூடத் தாங்காது.

இன்னொன்று கொள்ளு. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்லி வைத்தார்கள். நூறு கிராம் கொள்ளில் 21 கிராமுக்கு மேல் புரதம். கொள்ளு வேகவைத்த நீரில் ரசம், வெந்த கொள்ளை அம்மியில் வரமிளகாய், பூண்டு வைத்து அரைத்த கொள்ளுப் பருப்பு. மழைநாளில் சளிக்கென்று வைப்பதை வாரத்துக்கு இரண்டு நாள் என்று ஆக்கலாம். பச்சைப்பயறு கடைசல், தட்டைப்பயிறு கத்திரிக்காய்க் குழம்பு, மொச்சை, நிலக்கடலை எல்லாம் இந்த மண்ணின் பொருள்கள்தான். முட்டையும் மீனும் சாப்பிடுகிறவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். அசைவம் என்றாலே பிரியாணி என்று நினைக்காத வரைக்கும்.

சாப்பிடும் வரிசைக்கும் மதிப்பு உண்டு. நியூயார்க்கில் 2015இல் பதினோரு நீரிழிவுக்காரர்களை வைத்து நடந்த சிறிய ஆய்வில், ஒரே உணவைக் காய்கறியும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று சாப்பிட்டபோது ஒரு மணி நேரச் சர்க்கரை 37 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆய்வு சிறியதுதான், ஆனால் செய்து பார்க்கக் காசு செலவில்லை. இலையில் சோறு விழுவதற்கு முன் பொரியலையும் கூட்டையும் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். பந்தியில் இது கொஞ்சம் சங்கடம். காலியான இடத்தைப் பார்த்ததும் பரிமாறுகிறவர் கூப்பிடாமலே வந்துவிடுவார். அவர் மறுபடி வைப்பது பொரியல் என்றால் நல்லதாயிற்று. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியும் 2,000 கலோரிக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி என்கிறது. தானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம். இந்த இரண்டு எண்களையும் நம் வீட்டுத் தட்டில் இடம் மாற்றி எழுதி வைத்திருக்கிறோம்.

காய்கறிக்குப் பஞ்சமுள்ள ஊர் இது அல்ல. ஊட்டியிலிருந்து கேரட், பீட்ரூட், முட்டைக்கோசு, பீன்ஸ் எல்லாம் மேட்டுப்பாளையம் வழியாகத்தான் கீழே இறங்குகின்றன. ஆனால் மண்டியின் ராஜா உருளைக்கிழங்கு. அது காய்கறிக் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில் வரும். சோற்றுக்கு உருளைப் பொரியல் என்றால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளச் சோறு என்று பொருள். வாழைத்தோட்டங்களுக்கும் இதே மாதிரி ஒரு எச்சரிக்கை உண்டு. நேந்திரம் முழுப்பழம் ஒன்று ஒரு சின்னத் தட்டுச் சோற்றுக்குச் சமம். கதலியில் சின்னதாக ஒன்று, அதுவும் சாப்பாட்டின் கூடவே இல்லாமல் தனியாக என்றால் பலருக்குத் தாங்கும். வாழைப்பூவும் வாழைத்தண்டும் இஷ்டத்துக்குச் சாப்பிடலாம், நறுக்கித் தர ஆள் இருந்தால்.

நாட்டுச்சர்க்கரையைப் பற்றிப் பேசாமல் கொங்கு நாட்டில் இந்தப் பேச்சு முடியாது. கவுந்தப்பாடியில் மூட்டை மூட்டையாக ஏலம் போகிறது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு அங்கிருந்துதான் போகிறது. வெள்ளைச் சர்க்கரை விஷம், நாட்டுச்சர்க்கரை மருந்து என்று நம்பாத வீடு குறைவு. கருப்பட்டிக் காபிக் கடைகளில் "சுகர் உள்ளவங்களும் குடிக்கலாம்" என்று சொல்லித் தருகிறார்கள். இரும்பும் தாது உப்பும் கொஞ்சம் இருப்பது உண்மை. ஆனால் இரண்டிலும் பெரும்பகுதி சுக்ரோஸ், ரத்தத்துக்கு அதன் ஊர் தெரியாது. மண்மணம், விவசாயிக்கு வருமானம், ருசி என்று நாட்டுச்சர்க்கரையை ஆதரிக்க நியாயமான காரணங்கள் உண்டு. நீரிழிவு அவற்றில் ஒன்றல்ல.

சிறுகுறிஞ்சான் விஷயம் வேறு. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து வேலிகளில் படரும் இந்தக் கொடியின் இலை ஒன்றைப் பறித்து நன்றாக மென்று, வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு சிட்டிகைச் சர்க்கரையை நாக்கில் போட்டால் மணலைப் போட்டதுபோல் இருக்கும். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலம் நாக்கின் இனிப்பு உணரும் இடங்களைச் சிறிது நேரத்துக்குக் கட்டிப் போட்டுவிடுகிறது. புளிப்பும் உப்பும் வழக்கம்போலத் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல வித்தை. நாக்கில் இனிப்பு செத்துவிட்டது என்பதால் ரத்தத்திலும் செத்துவிடும் என்று தாவுவதுதான் தவறு. சர்க்கரையைக் குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு, மாத்திரையை நிறுத்தும் அளவுக்குச் சான்று கிடையாது. வெந்தயத்துக்கும் பாகற்காய்க்கும் இதே தீர்ப்புதான். தட்டில் இருக்கட்டும், பிரிஸ்கிரிப்ஷனின் இடத்தில் வேண்டாம்.

உணவால் எவ்வளவு முடியும் என்பதற்குச் சென்னையில் நடந்த ஒரு சோதனை இன்றும் உலகம் எடுத்துக்காட்டும் ஒன்று. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரை, எல்லோரும் வாசற்படியில் நின்றவர்கள், நான்காகப் பிரித்தது. எதுவும் செய்யாத குழுவில் மூன்று வருடத்தில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்காரர்களானார்கள். உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39 விழுக்காடு. மெட்பார்மின் மாத்திரை எடுத்தவர்களிலும் ஏறக்குறைய அவ்வளவே. இரண்டையும் சேர்த்தவர்களுக்குக் கூடுதல் லாபம் இல்லை. 2006இல் வந்த இந்த முடிவை இரண்டு விதமாகவும் படிக்க வேண்டும். நடையும் தட்டும் மாத்திரைக்கு ஈடாக நின்றன. ஆனால் ஒழுங்காகச் செய்தவர்களிலும் நூற்றுக்கு நாற்பது பேரை நோய் பிடித்தது. "கட்டுப்பாடா இல்லாததால வந்துச்சு" என்று நோயாளியின் தலையில் பழி போடுகிற சொந்தக்காரர்கள் இந்த இரண்டாவது வரியைப் படிப்பதில்லை.

வந்த நோயைப் பின்வாங்க வைக்கவும் சிலருக்கு முடிகிறது. பிரிட்டனில் 2017இல் வெளியான சோதனையில் கடுமையான எடைக் குறைப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 46 விழுக்காட்டினர் ஒரு வருடத்தில் மாத்திரை இல்லாமலே நீரிழிவு எல்லைக்குக் கீழே வந்தார்கள். நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள் என்பது கவனிக்க வேண்டிய நிபந்தனை. 2022இல் இண்டியாப் தரவுகளை வைத்துச் செய்த கணக்கு இந்தியர்களுக்கு ஒரு திசை காட்டியது. நோயைப் பின்வாங்க வைக்க மாவுச்சத்து மொத்த சக்தியில் 49 முதல் 54 விழுக்காடு, புரதம் 20க்குப் பக்கத்தில். அறுபதுக்கு மேல் இருக்கிற மாவுச்சத்தைப் பத்துப் புள்ளி கீழே கொண்டுவரும் வேலைதான் இது, சோற்றையே துறக்கும் வேலை அல்ல.

ஆனால் இன்சுலினோ கணையத்தைத் தூண்டும் மாத்திரைகளோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் மருந்தின் அளவு மிகையாகி, சர்க்கரை தாழ்ந்து, கை நடுங்கி, வியர்த்து விழுந்துவிடலாம். தட்டை மாற்றுவதற்கு முன் மருந்து எழுதியவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் புரதக் கணக்கே வேறு.

மருந்தும் சோதனையும் இப்போது வீட்டு வாசலுக்கு வருகின்றன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் பிரஷரையும் சுகரையும் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதற்கு முந்தைய வருடம் அரசு எடுத்த கணக்கெடுப்பில், நீரிழிவு உள்ளவர்களில் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் இருந்தார்கள். மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு பழைய குவியலையே சாப்பிடலாம் என்ற எண்ணமும் கூடவே வந்திருக்கிறது.

கட்டுக்குள் வராத சர்க்கரை என்ன செய்யும் என்பதைக் கால்களில் பார்க்கலாம். மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் கோயிலில் ஆடி மாதம் குண்டம் இறங்குவார்கள், அதாவது தீ மிதிப்பார்கள். அதற்கு முன் விரதம் உண்டு. தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரை, வெறுங்காலில், கொங்கு நாட்டின் எல்லாத் திசையிலிருந்தும். பல வருடம் சர்க்கரை ஏறிக் கிடந்த உடம்பில் பாதத்தின் நரம்பு முதலில் மரத்துப்போகும். சூடும் முள்ளும் தெரியாது. குண்டத்தில் சூடு தெரியாததை அம்மன் அருள் என்று நினைத்துக்கொள்ள இடமுண்டு. விரத நாளிலும் வழக்கமான மாத்திரையைப் போட்டுவிட்டு நடந்தால் பாதி வழியில் சர்க்கரை தாழ்ந்து கண் இருட்டும். யாத்திரை முடிந்து வீடு திரும்பியவர் ராத்திரி கால் நீட்டிப் படுப்பார். காலையில் பாய் விரிப்பில் ரத்தக் கறையைப் பார்த்து வீட்டுக்காரம்மா கேட்ட பிறகுதான் உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பார். தாராபுரம் ரோட்டில் ஏறிய கருவேல முள் இரண்டு நாளாக உள்ளேயே இருந்திருக்கும்.